சுவரில்லாத கேட்டும் பூத்த வேலியும்

"வந்துருச்சு! ஏனுங்க, வந்துருச்சு!"

நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் கையில் தடியோடு ஓடி வந்தார். வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கார்த்திகை மாதத்து விடியல். வாசலைத் தாண்டி ஈர மண்ணில் நான் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பனிக்கு அவருடைய துண்டைத் தலையில் முக்காடு போட்டிருந்தேன். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளை காலங்காத்தாலே மண்ணில் படுத்துக்கொண்டு கத்தினால், யாருக்கும் பாம்பு ஞாபகம்தான் வரும்.

"எந்தப் பக்கம் போச்சு புள்ள? நல்லதா, விரியனா? கடிச்சுப்போட்டுதா?"

"பாம்பு இல்லீங்க. தேன்பூச்சி!"

அவர் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே! ஓங்கிய தடி ஓங்கியபடியே இருக்கிறது, வாய் திறந்தபடியே இருக்கிறது. எனக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. என் மூக்குக்கு நேராக ஒரு அரசாணிப் பூ விரிந்திருந்தது. அதற்குள் ஒரு தேனீ விழுந்து புரண்டுகொண்டிருந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் பரங்கிக்காய் என்று சொல்வதுதான் எங்கள் நாமக்கல் பக்கத்தில் அரசாணிக்காய். அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்கு வந்து சேர்ந்தால் அந்தக் கோலிக்குண்டு குடமாகும். சேராவிட்டால் மஞ்சளாகி, அழுகி, உதிரும். கொண்டுவந்து சேர்க்க வேண்டியது தேனீ.

இந்தத் தேனீ ஆண் பூவிலிருந்து வெளியே வந்தபோது மஞ்சள் நீராட்டுக்குப் போய்வந்த மாமன் மாதிரி உடம்பெல்லாம் மஞ்சளாக இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, நேராகப் பக்கத்திலிருந்த பெண் பூவுக்குள் போனது. நான் மறுபடியும் கத்தினேன்.

"ஒரு பூச்சிக்காடி ஊரைக் கூட்டுறே?" என்று தடியை வீசிவிட்டுப் போனார் அவர். போகும்போது முகம் செத்துப் போயிருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு பூச்சியால் அவருடைய காம்பவுண்டு சுவர் ஆட்டம் கண்டுவிட்டது.

சுவருக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முதலில் மேட்டூருக்குப் போக வேண்டும்.

நூல் பிடித்த வேலி

போன வாரம் இதே பகுதியில் மேட்டூர் குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டையை எழுதியதற்கு, "உங்களுக்கு இவ்வளவு வாய் இருக்கும் என்று நினைக்கவில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இருக்கிறது, தாயே. குவார்ட்டர்ஸில் வாய் இல்லாதவளுக்குத் தண்ணீர் கிடையாது.

மேட்டூரில் ஒரு கம்பெனியில் இவருக்கு ஷிப்டு வேலை. கல்யாணமாகி நான் போய் இறங்கிய நாளிலிருந்து ரிட்டையர் ஆகும் வரை குவார்ட்டர்ஸ்தான். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவுகள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பச்சை வேலி. கம்பெனியே வைத்துக் கொடுத்தது. அதைக் கத்தரித்து ஒழுங்காக வைத்துக்கொள்வது குடியிருப்பவர் பொறுப்பு.

இவர் கையில் ஒரு வேலிக் கத்தரி உண்டு. நீளமான இரண்டு இரும்பு நாக்கு, மரப்பிடி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், இரண்டு பக்கமும் குச்சி நட்டு, குறுக்கே நூல் கட்டி, நூலுக்கு மேலே ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தாலும் 'சரக்' என்று வெட்டுவார். வேலியின் தலையில் டம்ளர் வைத்தால் காபி சிந்தாது. சும்மா சொல்லவில்லை, வைத்துக் காட்டியிருக்கிறார். நல்ல தோட்டத்துக்குப் பரிசாகக் கம்பெனி கொடுத்த எவர்சில்வர் தூக்குப்போசி இன்னும் என் சமையலறையில் இருக்கிறது.

இத்தனை வருடத்தில் அந்த வேலியில் நான் ஒரு பூவைப் பார்த்ததில்லை. மொட்டு வருகிற நுனியைத்தான் வாரா வாரம் வெட்டிவிடுகிறாரே, எப்படிப் பூக்கும்? அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பூக்காத ஜாதி என்றே நினைத்திருந்தேன்.

என் கவலை வேறு. நாங்கள் குடிபோன ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும் நான் ஒரு முருங்கை வைப்பேன். அது தலைக்கு மேலே வளர்ந்து பூ எடுக்கும்போது, "வேற லைன் வீட்டுக்கு மாத்திட்டாங்க" என்று இவர் வந்து சொல்வார். எங்கள் முருங்கையில் எல்லாம் அடுத்து வந்தவர்கள்தான் காய் பறித்தார்கள். ஒருத்தி என் மரத்துக் காயையே ஒரு கட்டுக் கொண்டுவந்து, "எங்க ஊட்டு மரத்துலே காச்சதுங்க்கா, சாம்பார் வெச்சுப் பாருங்க" என்று சிரித்தாள். வாங்கிச் சமைத்தேன். வயிறு எரிந்தது. ருசியாகவும் இருந்தது.

ரிட்டையர் ஆனதும் புதுச்சத்திரம் பக்கத்தில் இவர் பங்குக்கு வந்த நிலத்தில் வீடு கட்டினோம். வீட்டை யார் எப்படிக் கட்டினாலும் எனக்குக் கவலையில்லை. சுற்றியுள்ள மண் என்னுடையது, அதில் நடுவது எதையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் குடிவந்த அன்றைக்கே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிலம் முழுக்கச் சுற்றி வந்தேன்.

கேட்டு வந்தது, சுவர் வரவில்லை

நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் புதிதாகக் கட்டிய வீடெல்லாம் காம்பவுண்டு சுவரோடு நிற்கும். லாரிக்காரர் வீட்டுக்கு ஒரு சுவர், போர் போடுகிற ரிக் வண்டிக்காரர் வீட்டுக்கு அதைவிட ஒரு முழம் உயரம், கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக்கு மேலே கண்ணாடிச் சில்லு வேறு. இவருக்கும் சுவர் ஆசை வந்துவிட்டது.

சுவருக்கு முன்னால் கேட்டு செய்யக் கொடுத்தார். இரண்டு மயில், நடுவில் சூரியன், கறுப்பும் தங்கமும் அடித்த இரும்புக் கேட்டு. அது வந்து இறங்கியது நல்ல நாள் என்பதால் அன்றைக்கே இரண்டு தூண் எழுப்பி மாட்டியாயிற்று. அதற்குள் மகள் கல்யாணம் கூடிவர, சுவர் தள்ளிப்போனது.

ஆக, எங்கள் வீட்டுக்குக் கேட்டு உண்டு, சுவர் கிடையாது. வெட்டவெளியில் இரண்டு மயிலும் காவல் காத்துக்கொண்டு நின்றன. ஆடுகள் மயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் உள்ளே வரும். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால்தான் வேடிக்கை. காரை நிறுத்தி, இறங்கி, தாழ்ப்பாளை நீக்கி, கேட்டைத் திறந்து, உள்ளே வந்து, மறுபடி தாழ்ப்பாள் போடுவார்கள். பக்கத்தில் ஒரு பஸ் போகிற அளவுக்கு வழி இருக்கும்.

ஆட்டுத் தொல்லை தாங்காமல், சுவர் வரும் வரைக்கும் என்று சொல்லித்தான் நான் வேலி வைத்தேன். எங்கள் பக்கத்தில் காடு என்றால் விளைநிலம்; அதற்கெல்லாம் கிளுவைதான் வேலி. கிளையைப் போத்து போத்தாக வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். முள் இருக்கிறது பாருங்கள், ஆடு மட்டுமல்ல, ஆட்டுக்காரரும் நுழைய முடியாது. இவருடைய அண்ணன் காட்டிலிருந்து போத்து கொண்டுவந்து வீட்டைச் சுற்றி நெருக்கமாக நட்டேன். சுவர் வரும் வரைக்கும் என்று வாய் சொன்னதே தவிர, கை அப்படி நடவில்லை.

பூவைப் பார்த்து மயங்கிய கதை

வேலியை ஒட்டித் தோட்டம் வைக்க வேண்டும், தேனீ வர வேண்டும் என்பது என் திட்டம். தேனீ வந்தால்தான் அரசாணி, பீர்க்கு, பாகல் எல்லாம் காய்க்கும். சேலத்துக்குப் போகிற வழியில் ஒரு நர்சரி. உள்ளே போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்கு அடுக்காக இதழ் வைத்த செம்பருத்தி, முட்டைக்கோஸ் மாதிரி ரோஜா, நாலு நிறத்தில் காகிதப்பூ, பேர் வாயில் நுழையாத குரோட்டன்ஸ். கார் டிக்கி மூடவில்லை. மடியில் ஒரு தொட்டி, காலடியில் இரண்டு தொட்டி என்று வந்து சேர்ந்தேன்.

பார்க்கிறவர்கள் எல்லாம் "அட அட" என்றார்கள். தேனீ மட்டும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை!

தினமும் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு நாள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் தலைக்கு மேலே போனது. தேனீதான். எடுத்தேன் ஓட்டம். என் ரோஜாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, காகிதப்பூவை மதிக்கவில்லை, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனது. நானும் காபியைச் சிந்திக்கொண்டே போனேன். அது போய் உட்கார்ந்த இடம் எது தெரியுமா? துளசி.

முன்வாசல் மாடத்துத் துளசி இல்லை. அதை நான் தினமும் நுனி கிள்ளி, தளதளவென்று வைத்திருப்பேன். இது துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த துளசி. யாரும் கவனிக்காமல், கதிர் கதிராகப் பூத்து, பாதி விதையாகி, பரட்டைத் தலையோடு நின்றது. அதில் தேனீ மொய்த்தது! பக்கத்தில் வாய்க்கால் ஓரத்துத் தும்பையிலும் இருந்தது. பறிக்காமல் விட்டுப் பூத்துப்போன கொத்தமல்லிப் பாத்தியில் கேட்கவே வேண்டாம், திருவிழாக் கூட்டம்.

அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தேன். இதழ் அடுக்கடுக்காக இருக்கிற பூவில் தேனீக்கு உள்ளே போக வழியும் இல்லை, போனாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் என் கண்ணுக்கு விருந்து வைத்துவிட்டு, தேனீயைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. ரோஜாவையும் குரோட்டன்ஸையும் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தேன். கிளுவைக்கு ஊடே நொச்சி வைத்தேன், ஆவாரை விதைத்தேன். வேலியடியில் துளசியும் திருநீற்றுப்பச்சிலையும். கிணற்றுமேட்டில் ஒரு முருங்கை, அதைச் சுற்றி ஒரு பிடி எள். சமையலறையில் முளைவிட்ட சின்ன வெங்காயத்தைக்கூட எறியாமல் நட்டேன். அது குடை மாதிரி வெள்ளைப் பூ விடும், கொசுத்தேனீக்கு உயிர். தண்ணீர் குடிக்க அகலமான மண்தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தேன், மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கட்டும் என்று. மருந்து அடிக்கிற டப்பா எதுவும் என் எல்லைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, என் கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி ஏற்பாடு பண்ணலையே" என்றாள்.

ஆனாலும் வேலி பூக்கவில்லை! ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருக்கிறதே. ரிட்டையர் ஆனது வேலையிலிருந்துதான், கத்தரியிலிருந்து இல்லை. குச்சி நட்டு, நூல் கட்டி, ஆவாரை, நொச்சி, துளசி என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆவாரையில் மொட்டு திரளும். சனிக்கிழமை நான் பார்த்துப் பூரிப்பேன். ஞாயிறு மத்தியானம் அது குப்பையில் கிடக்கும்.

"எத்தனை தடவை சொல்றதுங்க? மொட்டை வெட்டாதீங்க!"

"மொட்டா? நீட்டிக்கிட்டு இருந்துச்சு, வெட்டுனேன்."

பந்தயம்

ஐப்பசி மழை நின்ற சமயம் ஒரு லாரி வந்து, வீட்டுப் பக்கவாட்டில் ஹாலோ பிளாக் கற்களை இறக்கியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தை பிறந்ததும் கொத்தனார் வருவாராம். அதற்கு முன்னால் வேலியை வேரோடு எடுத்துவிட வேண்டுமாம்.

எனக்கு வந்ததே கோபம்! தோசைக் கரண்டியோடு வெளியே வந்தேன்.

"வேலி மேல கையை வெச்சுப் பாருங்க சொல்றேன்."

"வேலியாலே என்ன பிரயோசனம் சொல்லு பாக்கலாம்? தேன்பூச்சி வரும்னே, வந்துச்சா? அரசாணி காச்சுத் தொங்கும்னே. தெனமும் பிஞ்சுதான் அழுகி உழுகுது."

அது உண்மைதான். கொடி வாசலிலிருந்து கல் அடுக்கு வரைக்கும் ஓடியிருந்தது. பூவும் பூத்தது, பிஞ்சும் விட்டது, எல்லாம் உதிர்ந்தது. ஆனால் அவர் முன்னால் அழுதால் நான் நான் இல்லையே.

"பந்தயம் வெச்சுக்கலாமுங்களா? பொங்கலுக்கு நம்ம கொடியிலே காச்ச அரசாணியிலே கொழம்பு வெச்சுட்டா வேலி நிக்கோணும். இல்லாட்டி சுவரைக் கட்டிக்கோங்க, நான் வாயே தொறக்கமாட்டேன்."

நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "சரி. ஆனா, நீ ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவுலே தடவுற வேலையெல்லாம் ஆகாது. கை படக்கூடாது. பூச்சிதான் செய்யோணும்."

"ஆகட்டும். நீங்க கத்தரியைத் தொடக்கூடாது. ஒரு ஞாயித்துக்கெழமைகூட."

நடுவர் வேண்டுமே. இவர் அண்ணன் சம்சாரத்தைக் கூப்பிட்டோம். அடுத்த காட்டு வீடு. நான் அக்கா என்பேன், இவர் நங்கையா என்பார். "நான் ஒரு பக்கமும் சாய மாட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு, நான் சுட்ட தோசையையும் தின்று, இவர் வாங்கி வந்த மிக்சரையும் மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கே கத்தரியை எடுத்துப் பழைய துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். எந்த ஆம்பளை அரிசி டிரம்மைத் திறந்து பார்க்கப் போகிறார்?

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டு ஞாயிறு கத்தரி விழவில்லை. வேலி கன்னாபின்னாவென்று கிளம்பியது. ஆவாரை மஞ்சள் மஞ்சளாக வெடித்தது. நொச்சி ஊதாக் கதிர் விட்டது. துளசி பரட்டையாகிப் பூத்தது. கருவண்டு வந்தது, கொசுத்தேனீ வந்தது, பேர் தெரியாத பச்சை நிறத்துக் குட்டி ஈ ஒன்று வந்தது. வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றால் காது 'கொய்ங்' என்று நிறைந்துவிடும். நான் காபி, டிபன், வெங்காயம் உரிக்கிறது எல்லாம் அங்கேதான். இவர் திண்டாடிப் போனார். நீட்டிக்கொண்டிருக்கிற கிளையைப் பார்த்தால் விரல் இரண்டும் தானாக வெட்டுகிற மாதிரி அசையும். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பார்.

அப்புறம்தான் அந்தக் கார்த்திகை விடியல். வேலிக்கு வந்த தேனீ அரசாணிக்கும் வந்தது, நான் கத்தினேன், அவர் தடியோடு ஓடி வந்தார்.

"நீ தடவியிருப்பே"

மார்கழியில் வாசல் ஓரம் இரண்டு காய் திரண்டன. தேங்காய் அளவு, அப்புறம் சொம்பு அளவு. நான் தரையில் நடக்கவில்லை. அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். காய்களுக்குக் கீழே வைக்கோல் பரப்பினேன். கண்பட்டுவிடும் என்று ஒன்றுக்குக் கரிப்பொட்டு வைத்தேன்.

இவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"தெனமும் விடியறதுக்கு முன்னாடி நீதான் கோலம் போட இங்க வாறே. நீ தடவியிருப்பே."

எனக்கு முதலில் காதில் விழுந்ததே புரியவில்லை.

"அன்னைக்கு நீங்களே பாத்தீங்களே, தடியோட வந்து!"

"ஒரு பூச்சியைப் பாத்தேன். அதுதான் காய் புடிக்க வெச்சுதுன்னு யாரு பாத்தா? வாசலோரம் ரெண்டே ரெண்டு காயி, அதும் உன் கைக்கு எட்டுற எடத்துலே."

அக்கா தாடையைச் சொறிந்தார். "கொழுந்தனார் சொல்றதுலேயும் ஞாயம் இருக்குதல்லோ கண்ணு? சாட்சி வேணுமாக்கும்."

தேனீயைச் சாட்சிக்குக் கூப்பிடவா முடியும்? நான் உள்ளே போய்விட்டேன்.

சுவர் வந்துவிடுமே என்ற பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிட இன்னொன்று குத்தியது. இத்தனை வருடம் கூட இருந்த மனுஷன் என்னைப் பொய்க்காரி என்கிறார். எத்தனை விடியலில் அந்தப் பிஞ்சுகள் மஞ்சளாவதைப் பார்த்து என் விரல் துடித்தது தெரியுமா? ஒரு நிமிஷ வேலை. ஆண் பூவைக் கிள்ளி ஒரு தடவு தடவினால் முடிந்தது. தொடவில்லை. தொடக்கூடாது என்று கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு பேச்சை நிறுத்தினேன். சோறு வைப்பேன், பேச மாட்டேன். "சாம்பார் இருக்குதா?" என்று அவர் கேட்டால் சட்டியைப் பார்த்து "இருக்குது" என்பேன். அவர் கொத்தனாருக்குப் போன் பண்ணிப் பொங்கல் கழித்து வரச் சொல்வது காதில் விழுந்தது. வேலியோரம் போய் நின்றேன். தேனீக்கள் அவை பாட்டுக்கு வேலை பார்த்தன. அன்றைக்குத்தான் அழுதேன்.

காப்புக்கு ஆவாரம்பூ

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி, வீட்டு முகட்டில், மாட்டுக் கொட்டாயில், காட்டு மூலையில் சாயங்காலம் செருகுவோம். கெட்டது எதுவும் அண்டாமல் வீட்டையும் வெள்ளாமையையும் காக்கும் என்று நம்பிக்கை.

வேப்பிலைக்குப் பஞ்சமில்லை. ஆவாரைக்குத்தான் எங்கே போவது? சுற்றுவட்டாரம் முழுக்கச் சுவராகிவிட்டதே. காலையிலேயே நாலைந்து பெண்கள் எங்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் அக்கா, கையில் ஒரு கூடை. இவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, கேட்டைத் திறந்து வந்துவிட்டுத் தாழ்ப்பாள் போடாமல் விடுகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா கல் அடுக்குப் பக்கமாகப் போய், நல்ல பூவாக இருக்கிறதே என்று ஒரு ஆவாரங்கிளையை வளைத்தார். கருவண்டு இரண்டு 'விர்' என்று பறந்தன. கிளுவை முள் புறங்கையில் கீறியது. "ஸ்... ஆத்தா!" என்று கையை உதறியவர், அப்படியே குனிந்தார்.

"அடி சாமி! இங்க வா. கொழுந்தனாரே, நீங்களும் வாங்க. உள்ளார என்ன கெடக்குதுன்னு பாருங்க!"

கொடி எங்களுக்குத் தெரியாமல் ஹாலோ பிளாக் அடுக்கின் மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வேலிக்குள் புகுந்திருந்தது. கிளுவைக்கு நடுவில், முள்ளுக்குள்ளே, மூன்று கவட்டைக் கிளைகளின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது ஒரு அரசாணிக்காய். வாசல் காய்கள் சொம்பு என்றால் இது குடம். எல்லாவற்றுக்கும் முன்னால் பிடித்தது இதுதான்!

இவர் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். சட்டை மாட்டியது. இழுத்தார், கிழிந்தது. இன்னொரு பக்கமிருந்து விட்டார். கையில் மூன்று கோடு ரத்தம். காய்க்கு இன்னும் ஒரு முழம் பாக்கி.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏனுங் கொழுந்தனாரே, இதுக்குள்ளாற உங்க ஊட்டுக்காரி கை போயிருந்தா, அந்தக் கை இந்நேரம் சல்லடையாட்டம் இருக்காதுங்களா?"

நான் இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளங்கை, புறங்கை. பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல புள்ள" என்றார். "இரு, கத்தரி எடுத்தாரேன்."

விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். 'எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்தானே எடுப்பீர்கள்' என்று நான் நினைத்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். கையில் கத்தரி. பிடியில் நாலு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்த அரிசியையே பார்த்தேன்.

"உங்களுக்கு... அது எங்க இருந்துச்சுன்னு..."

"மொத நாளே தெரியும். நீ அரிசி அளக்கறப்ப படி போயி இரும்புலே இடிக்கிற சத்தம் கேக்குமல்லோ."

"பொறவு ஏனுங்க எடுக்கலே? நான் ஏமாத்துனேன்னு நெனச்சீங்கள்ல, அப்பக்கூடவா எடுக்கத் தோணலே?"

"நீ எப்புடியோ, நான் தொடமாட்டேன்னு சொன்னேனில்ல?" என்றார், தலையைத் தூக்காமல்.

வேலிக்கு முன்னால் உட்கார்ந்து கத்தரியை விரித்தார். குடம் மாதிரி காய், வெளியே எடுக்க வேண்டுமானால் ஆவாரையில் பாதியை வெட்ட வேண்டும். கிளை முழுக்கப் பூ, பூ முழுக்கப் பூச்சி. கத்தரி விரிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மூடினார். எழுந்து நேராக வாசலோரம் போய், என்னைப் பொய்க்காரி ஆக்கிய அந்த இரண்டு காயையும் காம்போடு வெட்டி, கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"கொழம்புக்கு இது போதும். உள்ளே இருக்கறது இருந்துட்டுப் போவட்டும்."

"ஹோ!" என்று பெண்கள் கத்தினார்கள். அக்கா, "நான் அப்பவே சொன்னேனல்லோ?" என்றார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு காயையும் இரண்டு பக்கத்து இடுப்பில் இரட்டைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். வெட்கமாவது, மண்ணாவது!

பொங்கல் கழிந்து கொத்தனார் வந்தார். அந்தக் கல்லை வைத்து வேலியை ஒட்டி, உட்கார்ந்து காபி குடிக்க ஒரு மேடை கட்டிவிட்டுப் போனார். வேலிக்குள் இருந்த காய் அங்கேயே முற்றி, காய்ந்து, வெடித்து, விதை சிந்தியது. இவர் அதைத் தினமும் போய்ப் பார்ப்பார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. காப்புக் கட்டு அன்று சாயங்காலம் அவர் வீட்டு முகட்டில் கட்டினார், மோட்டார் ரூமில் கட்டினார். கடைசியாக ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார். மயிலைத் தாண்டிப் போனார். வேலிக் கத்தரிக்கு அளவு பிடிக்கிற அதே நூலை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார். அரசாணி இருந்த இடத்தில், கிளுவைக் கிளையில் அந்தக் கொத்தை வைத்து, முள் குத்தக் குத்த, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"ஏனுங்க, கேட்டுக்கு?" என்றேன்.

"அதுக்கென்ன, அது இரும்பு" என்றார்.